விளக்கு எரிகிறது, இணைப்பு இல்லை

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ கணினி பழுதுபார்க்கும் கடையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தால், "நெட் கிடைக்கல, கொஞ்சம் பாருங்கண்ணா" என்ற பேச்சு காதில் விழாமல் போகாது. சொல்கிறவருக்கு அது ஒரே நோய். பார்க்கிறவருக்கு அதற்குள் ஐந்தாறு நோய்கள். தெருக்கம்பத்தில் கேபிள் அறுந்தாலும் நெட் கிடைக்காது. மோடம் வரை எல்லாம் சரியாக வந்து கணினிக்கு முகவரி மட்டும் கிடைக்காவிட்டாலும் கிடைக்காது. யூடியூப் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்து அறைக் கணினியில் உள்ள கோப்பு திறக்கவில்லை, பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்றாலும் அதே வாக்கியம்தான்.

இதற்குக் கடைகளில் வழங்கும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபார்மேட். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. கோளாறு விண்டோஸுக்கு வெளியே இருக்கும்போது இதனால் பயன் இல்லை. கம்பத்தில் அறுந்த கேபிள் ஃபார்மேட்டில் ஒட்டாது. சில நேரம் சரியாகிவிடுகிறதே என்றால், யாரோ எப்போதோ மாற்றிவைத்த ஓர் அமைப்பு அதோடு சேர்ந்து அழிந்துபோனதுதான் காரணம். அந்த ஒன்றைக் கண்டுபிடித்திருந்தால் பத்து வருடப் புகைப்படங்களைப் பணயம் வைத்திருக்க வேண்டாம். நெட் வருகிறதா என்று கேட்பதைவிட, எதுவரை வருகிறது என்று கேட்பது மேல். கம்பத்திலிருந்து கோப்பு வரை நடந்துபார்த்தால் எந்த இடத்தில் வழி அடைபட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேரளத்தின் இந்தத் தமிழ் எல்லைப்புறத்துக்கு நெட்வொர்க் புதிதல்ல. மத்திய அரசின் தேசிய ஒளியிழைத் திட்டத்தில் முழுமையாக இணைக்கப்பட்ட இந்தியாவின் முதல் மாவட்டம் என்று இடுக்கி 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த இழை வந்து நின்றது பஞ்சாயத்து அலுவலகத்தில்; தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களுக்கு அல்ல. 2020 ஜூனில் கேரளக் கல்வித்துறையின் கைட் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கி, தமிழ்வழிப் பாடங்களும் இணையத்தில் ஏறியபோது, மூணாறுத் தோட்டங்களில் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி நடந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில்தான், இணையத்தை அணுகுவது அடிப்படை உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் ஃபகீமா ஷிரின் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. உரிமை மலைக்கு வந்துவிட்டது, ஒயர் வரவில்லை. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன், மின்வாரியக் கம்பங்களின் மேலேயே இழையைக் கொண்டுபோய், ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு மாதம் 299 ரூபாய் முதலாகவும் இணைப்புத் தரும் என்றது. இதற்கிடையில் கேபிள் டிவிக்காரர்களே வீடு வீடாக இழையை இழுத்துவிட்டார்கள். இன்று பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிராமங்களிலும் மூணாறு, அடிமாலி, நெடுங்கண்டம், குமுளி கடைவீதிகளிலும் கறுப்பு ஒயர் தொங்காத கம்பம் அரிது.

அந்தக் கம்பத்திலிருந்தே தொடங்குவோம். வீட்டுச் சுவரில் கேபிள்காரர் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் பல விளக்குகள் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு. அது எரிந்தாலோ மின்னினாலோ வெளிச்சம் வீடு வந்து சேரவில்லை. கணினியைத் தொடவே வேண்டாம். கேபிள்காரரைக் கூப்பிடுவதுதான் வேலை. இழைக்குள் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் என்பதால், கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. சிவப்பு எரியாமல் இணைப்பு மட்டும் அடிக்கடி போய்வந்தால், வெளிச்சம் வருகிறது, ஆனால் மங்கி வருகிறது என்று சந்தேகிக்கலாம். பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அதன் அளவு டெசிபலில் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டியிருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி தடுமாறும். ஒரே இழையைப் பிரித்துப் பிரித்து 32 வீடுகளுக்கும் 64 வீடுகளுக்கும் கொடுப்பதால், ஒவ்வொரு பிரிப்பிலும் வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. அதற்கு மேல் ஜன்னல் இடுக்கில் நசுங்கிய ஒயர், பீரோவுக்குப் பின்னால் மடங்கிய ஒயர், பச்சை முனையில் படிந்த தூசு எல்லாம் தம் பங்குக்கு வெளிச்சத்தைத் தின்னும்.

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று தென்னை மட்டையைக் கேபிள் மேல் தள்ளும். இடுக்கியில் யூக்கலிப்டஸ் கிளை விழும், மண் சரியும், யானை கம்பத்தைச் சாய்க்கும். ரஜினி படத்தின் பெயரைச் சுமந்துகொண்டு மூணாறில் உலவும் படையப்பா யானையைப் பற்றி வேறு எந்த ஊர் நெட்வொர்க் கட்டுரையிலும் எழுத வேண்டியிருக்காது. கரண்ட் போனால் வெள்ளைப் பெட்டியும் நின்றுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்தப் பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பலர் பார்ப்பதில்லை. அப்படியே இருந்தாலும் கேபிள்காரரின் முனையில் பேட்டரி தீர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. செல்போன் கோபுரத்துக்கும் இதே கதிதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலை அருகே பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேர் இறந்தபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியுலகுக்கு எட்டியது. மலையில் தொடர்பு அறுவதை வெறும் வசதிக்குறைவு என்று எண்ணிவிட முடியாது.

இடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியிலும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் மலையோரத்தில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும். ஒளியிழை கண்ணாடி, மின்சாரம் கடத்தாது, ஆகவே பயமில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. கண்ணாடிக்குத் துணையாக அந்தக் கறுப்பு ஒயரில் எஃகுக் கம்பியும் ஓடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெட்டியிலிருந்து கணினிக்குப் போகும் லேன் ஒயரோ முழுக்கச் செம்பு. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தாலும் அந்தச் செம்பில் ஒரு துள்ளல் எழும்பி, இரு முனையிலும் உள்ள போர்ட்டைச் சுட்டுவிடும். அடையாளம் எளிது: வைஃபையில் போனுக்கு நெட் வருகிறது, லேன் ஒயரில் கணினிக்கு வரவில்லை. போர்ட்டின் ஓரத்தில் மினுக்க வேண்டிய பச்சை, மஞ்சள் விளக்குகள் எந்த ஒயரைச் செருகினாலும் இருட்டாகவே இருக்கின்றன. இதற்காக மதர்போர்டு மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரோ வைஃபை டாங்கிளோ சில நூறு ரூபாயில் வேலையை முடித்துவிடும். இடி மாதங்களில் டிவி பிளக்கைப் பிடுங்குகிற கையோடு லேன் ஒயரையும் பிடுங்கிவைக்கலாம். ஸ்டெபிலைசர் கரண்ட் வழியைத்தான் காக்கும், லேன் வழியை அல்ல.

வெளிச்சம் வந்தது, விளக்கும் எரிகிறது. அடுத்து முகவரி. விண்டோஸின் கறுப்புக் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' என்று அடித்தால் கணினியின் எண் தெரியும். அது 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர், அதாவது அந்த வெள்ளைப் பெட்டி, முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் கணினி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இப்படித்தான். ரவுட்டரை அணைத்துப் போடுவது, ஒயரை மாற்றுவது, வைஃபை கடவுச்சொல்லை மறுபடி கொடுப்பது எல்லாம் இந்தக் கட்டத்துக்கான வைத்தியம். எப்போதோ யாரோ கையால் முகவரி எழுதிவைத்த கணினி ரவுட்டர் மாறியதும் அநாதையாகிவிடும். அதைத் தானாக வாங்கும் நிலைக்குத் திருப்ப வேண்டும். முகவரி சரியென்றால் மூன்று 'பிங்' போதும்: முதலில் ரவுட்டரின் எண்ணுக்கு, பிறகு வெளியுலகில் உள்ள 8.8.8.8 என்ற எண்ணுக்கு, கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதலாவதே போகவில்லை என்றால் சிக்கல் வீட்டுக்குள். முதலாவது போய் இரண்டாவது நின்றால் கேபிள்காரர் பக்கம். இரண்டும் போய்ப் பெயருக்கு மட்டும் பதில் இல்லையென்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு.

மூன்றும் சரியாக இருந்தும் பிரவுசர் மட்டும் எந்தத் தளத்தையும் திறக்க மறுத்து, பாதுகாப்பில்லை என்று மிரட்டினால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக்கிடந்த வீட்டுக் கணினியில், மதர்போர்டிலுள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் பிறக்கவே இல்லையே! நெட்வொர்க்கில் குற்றமில்லை, சிஆர் 2032 என்று கேட்டால் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. வெள்ளைப் பெட்டியின் பின்புறத் துளைக்குள் குச்சியை விட்டு ரீசெட் செய்வது. பல இணைப்புகளில் கேபிள்காரர் உள்ளே எழுதிவைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துவிடும். அதுவரை கணினிக்கு மட்டும் இருந்த சிக்கல் பிறகு வீட்டுக்கே வந்துவிடும்.

வைஃபையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கல்சுவரும் தகரக்கூரையும் உள்ள லயங்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரிலேயே சோர்ந்துவிடும், 2.4 தள்ளாடியாவது போய்ச் சேரும். பழைய கணினிகளின் வைஃபை அட்டைக்கு 5 என்ற அலையே தெரியாது. ரவுட்டர் அந்த அலையில் மட்டும் ஒலிபரப்பினால் போனில் தெரிகிற பெயர் கணினியில் தெரியாது, கணினி கெட்டுவிட்டதாக முடிவாகிவிடும். வைஃபை பெயரின் வாலில் உள்ள '5ஜி'க்கும் செல்போன் 5ஜிக்கும் எந்த உறவும் இல்லை என்பதைக் கடைக்காரர்களே சிலர் மாற்றிச் சொல்கிறார்கள்.

மேலே சொன்ன எல்லாம் கணினி வெளியுலகை அடைவது பற்றியது. ஒரே வீட்டில், ஒரே கடையில் இருக்கும் இரண்டு கணினிகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பது வேறு விஷயம். இங்கேதான் ஆட்கள் அதிகம் திணறுகிறார்கள்.

பெரிய வீடு, முன்வாசலில் கேபிள்காரரின் பெட்டி, பின்னறையில் சிக்னல் இல்லை. கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, முதல் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து, புதியதன் 'வேன்' போர்ட்டில் செருகுகிறார்கள். வண்ணம் மாறி, தனியாக இருக்கிற ஓட்டை அதுதான் என்பதால் கை இயல்பாக அங்கே போகும். நெட் வருகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வாரம் கழித்து, பின்னறைப் பிரிண்டருக்கு முன்னறைக் கணினியிலிருந்து அச்சுக் கொடுத்தால் போகவில்லை. எண்களைப் பார்த்தால் விஷயம் வெளியாகும்: முன்னறை 192.168.1.5, பின்னறை 192.168.0.7. புதிய ரவுட்டர் தன் பின்னால் தனி வீடு கட்டிக் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளிருப்பவர் வெளியே போகலாம், வெளியிலிருப்பவர் உள்ளே வர முடியாது. அதனால்தான் பின்னறையிலிருந்து முன்னறைக் கணினியை எண் போட்டுத் தொட முடிகிறது, திருப்பிச் செய்தால் நடக்கவில்லை. இந்த ஒருவழிப்பாதைதான் ஆட்களைக் குழப்பி, கடைசியில் பிரிண்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வைக்கிறது. இரண்டு ரவுட்டருமே 192.168.1 வரிசையைப் பிடித்துக்கொண்டால் இன்னும் மோசம். பின்னறைக்கு நெட்டே வராது.

தீர்வு: ஒயரை வேன் போர்ட்டிலிருந்து கழற்றிச் சாதாரண லேன் போர்ட்டில் செருக வேண்டும். புதிய ரவுட்டரின் முகவரி வழங்கும் வேலையை நிறுத்த வேண்டும். அதன் சொந்த எண்ணை, முதல் பெட்டியோடு மோதாமல், 192.168.1.2 என்பதுபோல மாற்ற வேண்டும். 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற ஒரே தெரிவில் இவை எல்லாவற்றையும் முடித்துவிடும் ரவுட்டர்களும் உண்டு. விருந்தினர் வைஃபையில் கணினியைக் கோத்துவிட்டாலும் இதே நோய்க்குறிதான் தெரியும். விருந்தினரை வீட்டுக் கணினிகளிடமிருந்து பிரித்துவைப்பதுதான் அதன் வேலையே.

இருவரும் ஒரே வரிசையில் இருந்தும் கோப்பு திறக்கவில்லை என்றால் சிக்கல் விண்டோஸின் பகிர்வில் இருக்கிறது. 1983இல் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கிய எஸ்எம்பி என்ற நெறிமுறைதான் இன்றும், பல தலைமுறை மாறி, இந்த வேலையைச் செய்கிறது. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியே உலகம் முழுக்கப் பரவியது. வயநாட்டின் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகமும்கூட அதில் அடிபட்டன. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து முதல் பதிப்பு வழக்கமாகவே அணைந்த நிலையில் வருகிறது. அடுத்த ஆண்டு, வீட்டுக்காரர்களுக்கு எளிதாக இருந்த ஹோம்குரூப் வசதியும் எடுக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் அச்சு தொடர்பான ஓட்டை ஒன்றை அடைத்தபோது, பகிர்ந்துவைத்த பிரிண்டர்கள் பிழை எண்ணைக் காட்டிவிட்டு நின்றன. அக்ஷயா மையம்போல நாலு கணினிக்கு ஒரு பிரிண்டர் வைத்துப் பிழைக்கும் இடங்களுக்கு அது கெட்ட மாதம். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் புரோ கணினிகளில் மூடியது.

நேற்று வரை வேலை செய்த பகிர்வு இன்று நிற்கும்போது பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது, தெரிந்தே பூட்டியிருப்பார்கள். பழைய யூடியூப் வீடியோக்கள் சொல்லும் வைத்தியம் முதல் பதிப்பைத் திரும்ப இயக்கு, ஃபயர்வாலை அணை என்பதுதான். செய்தால் வேலை நடக்கும். வைரஸுக்கும் வேலை நடக்கும். என் கட்சி, எந்த நிலையிலும் அதைச் செய்யக் கூடாது என்பதே. ரவுட்டரின் முதுகில் பென்டிரைவ் செருகிப் பகிரும் பழைய மாதிரிகள் முதல் பதிப்பை மட்டுமே பேசுமென்றால், ஓய்வு பெற வேண்டியது அந்த ரவுட்டர்தான்.

முறையான வழி இவ்வளவுதான். முதலில் நெட்வொர்க் 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பார்க்க வேண்டும். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய இடமாகக் கருதி 'பப்ளிக்' என்று வைத்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்ளும். ரவுட்டர் மாற்றிய மறுநாளே பகிர்வு நின்றது என்கிற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். இரண்டாவது, பட்டியலில் மற்றக் கணினியின் பெயர் தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு எண்ணை நேரே அடித்தால் பல நேரம் கதவு திறக்கும். மூன்றாவது, கடவுச்சொல். தினமும் நாலு இலக்கப் பின் அடித்துத் திறக்கிறவர் அதையே நெட்வொர்க்கிலும் அடிக்கிறார். பின் அந்தக் கணினிக்கு மட்டுமே; நெட்வொர்க்கில் கேட்பது கணக்கின் முழுக் கடவுச்சொல். கடவுச்சொல்லே வைக்காத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியே உள்ளே விடுவதில்லை. பகிர்வதற்கென்றே ஒரு தனிக் கணக்கைக் கடவுச்சொல்லோடு உருவாக்கி, அந்தக் கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் வருடக்கணக்கில் தொல்லை இருக்காது.

இந்த வீடுகளில் இன்னொரு கலப்பும் உண்டு. 2021இல் வித்யாகிரணம் திட்டத்தில் பழங்குடி, பட்டியல் சாதி மாணவர்களுக்கு வந்த மடிக்கணினிகளிலும் அரசுப் பள்ளிக் கணினிகளிலும் ஓடுவது உபுண்டுவை ஒட்டிக் கைட் உருவாக்கிய லினக்ஸ். அண்ணனின் விண்டோஸும் தங்கையின் லினக்ஸும் பேசுமா என்று கேட்கிறார்கள். பேசும். 1992இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா அதற்காகவே இருக்கிறது. லினக்ஸின் கோப்பு மேலாளரில் விண்டோஸ் கணினியின் எண்ணைக் கொடுத்து, மேலே சொன்ன தனிக் கணக்கால் நுழைந்தால் போதும்.

கடைசியாக, ஏலத்தோட்டக்காரர்களின் கேள்வி. தோட்டம் இடுக்கியின் உடும்பன்சோலையில், குடும்பம் தேனி மாவட்டத்துப் போடியிலோ கம்பத்திலோ. மலையில் உலர்த்தும் ஸ்டோரில் கேமராவும் கணினியும் வைத்து, கீழே வீட்டிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். தோட்டத்துக்குள் எல்லாம் சரியாகத் தெரிகிறது, போடிமெட்டு இறங்கினால் தெரிவதில்லை. உலகத்தின் பழைய வகை இணைய முகவரிக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டதால், பல நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியை நிறைய வீடுகளுக்குப் பொதுவாக வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து தட்டினால் எந்த வீட்டைத் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் நீங்களும் அந்தப் பொதுக் கணக்கில்தான் இருக்கிறீர்கள். போர்ட் திறந்துவிடுகிறேன் என்று கடைக்காரர் ரவுட்டரில் எத்தனை நேரம் செலவிட்டாலும் வீண். தயாரிப்பாளரின் சர்வர் வழியே காட்டும் கேமராவாக வாங்கலாம், இரு முனையிலும் புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் அதைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் மாத வாடகைக்கு நிலையான முகவரி கேட்கலாம். கேமரா வாங்கும் முன்பே அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நிலையான முகவரிக்கு என்ன வாடகை என்று கேபிள்காரரிடம் பேசிவிடுவது நல்லது.